மணிக்கொரு கடல், மணிக்கொரு காற்று

கொரியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள இஞ்சோன் துறைமுகத்தில் கடல் ஒரு நாளைக்கு இருமுறை வந்து இருமுறை விலகிப் போகிறது என்று சொன்னால், எந்தக் கரையில்தான் அப்படி இல்லை என்று வாசகர் கேட்கக்கூடும். ஆனால் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஓர் ஆளின் உயரத்தைக்கூட எட்டாதிருக்க, இஞ்சோனில் அது ஒன்பது மீட்டர் வரையில் போகிறது; நீர் வடிந்த வேளையில் கப்பல்கள் மிதந்த இடமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல்நிறச் சேறாகக் கிடக்கிறது. 1950 செப்டம்பர் 15 அன்று அமெரிக்கப் படைகள் அங்கே கரையிறங்கியபோது, காலை ஏற்றத்தில் வோல்மிதோ தீவைப் பிடித்த முதல் பிரிவுக்குப் பின்னால், பிரதான சேனை மாலை ஏற்றம் வரும்வரையில் ஆழ்கடலில் காத்திருக்க நேர்ந்ததும், இடைப்பட்ட நேரம் முழுவதும் தீவில் இருந்தவர்கள் துணையின்றித் தனித்திருந்ததும், அந்தக் கடலின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு ஆச்சரியம் தராத சம்பவங்கள். காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கும் கடல் வேறு, நண்பகலில் இருக்கும் கடல் வேறு.

இந்த வேற்றுமையைக் கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். எந்த வேளையில் சிப்பி பொறுக்கப் போகலாம், எந்த வேளையில் தோணியைத் தள்ளலாம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை ஆகாயத்திலிருந்து ஆராயும் விஞ்ஞானம் பிறந்தபோது, அந்த விஞ்ஞானத்துக்கு இந்த வேளைகள் தெரியாமற்போயின. காரணம், கடலை நோக்கி அனுப்பப்பட்ட செயற்கைக்கோள்கள் அனைத்தும் துருவத்துக்குத் துருவம் ஓடிக்கொண்டிருந்தவை. ஓரிடத்தின் மேலே பகலில் ஒரே ஒரு முறை, அதுவும் பெரும்பாலும் குறித்த ஒரே மணி நேரத்தில், கடந்து போனவை. அவற்றின் கணக்கில் ஒரு நாள் என்பது ஒரு கணம். அந்த ஒரு கணத்தை ஒரு நாளாக விரித்த கதையையே இங்கே சொல்ல முற்படுகிறேன். அதன் முக்கியமான அத்தியாயங்கள் வல்லரசுகளின் கையால் எழுதப்படாமல், சேறும் தூசும் சூழ்ந்த கொரியாவில் எழுதப்பட்டன என்பது இந்தச் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயம்.

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு பொருள், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் அதே 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிப்பதால், கீழேயிருந்து பார்ப்பவனுக்கு ஆகாயத்தில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோலத் தோன்றும்; இதையே புவிநிலைப் பாதை என்பார்கள். இந்த உண்மையைக் கொண்டு விண்வெளியில் ஒரு நிலையம் அமைக்கலாம் என்று விரிவாக எழுதியவர் ஹெர்மன் பொட்டோச்னிக். க்ஷயரோகத்தால் ஆஸ்திரிய ராணுவத்திலிருந்து விலகி, வறுமையில் நாட்களைக் கழித்த அந்த இன்ஜினியரின் ஒரே நூல் 1928-ஆம் ஆண்டின் இறுதியில் பெர்லினில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். 1945 அக்டோபரில், பிரிட்டிஷ் விமானப்படையில் ராடார் பணியில் இருந்த ஆர்தர் சி. கிளார்க், ‘ஒயர்லெஸ் வேர்ல்ட்’ என்ற பத்திரிகையில், அதே உயரத்தில் மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் ஒலியும் ஒளியும் அஞ்சல் செய்யலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்நிலையங்களில் மனிதர்கள் தங்கிப் பணிபுரிவார்கள் என்றே அவர் எண்ணினார். 1956-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த அவர், 2008-இல் கொழும்பில் மறையும் வரையில் அந்நாட்டையே தம் இருப்பிடமாகக் கொண்டிருந்தார் என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள்.

கிளார்க்கின் நோக்கம் செய்தி அஞ்சல் மட்டுமே. அந்த உயரத்தில் முதன்முதலில் உண்மையாகவே நிலைத்து நின்ற கோளான சின்காம்-3, 1964 ஆகஸ்டில் ஏவப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் சமுத்திரத்துக்கு அப்பால் கொண்டு சேர்த்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடியைப் புயலும் கடலும் சேர்ந்து விழுங்கின. விளையாட்டுப் போட்டியை ஒரு சமுத்திரத்துக்கு அப்பால் காட்டுவதற்கு ஆகாயத்தில் ஒரு கோள் நின்ற அந்த ஆண்டில், வங்கக் கடலில் திரண்ட மேகத்தை இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க எங்கும் ஒரு கண் இருக்கவில்லை. அந்த உயரத்தில் ஏற்றத் தக்க காமிராவை ஒருவர் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் வெர்னர் சுவோமி. அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் ஆசிரியர். தம் சகாவான ராபர்ட் பேரண்டுடன் சேர்ந்து அவர் அமைத்த கருவியின் சூட்சுமம் மிக எளிமையானது. அக்காலத்துச் செயற்கைக்கோள்கள் பம்பரத்தைப்போலத் தம்மைத்தாமே சுழற்றிக்கொண்டுதான் நிலை தவறாமல் இருந்தன, ஏ.டி.எஸ்-1 என்ற கோள் நிமிடத்துக்கு நூறு முறை சுழன்றது. இப்படிச் சுழலும் ஒன்றில் காமிராவைப் பொருத்தினால் படம் எங்ஙனம் விழும் என்று மற்றவர்கள் தயங்கிய இடத்தில், சுவோமி அந்தச் சுழற்சியையே தம் உபகரணமாக்கிக்கொண்டார். ஒரு சுற்றில் தொலைநோக்கி பூமியின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு மெல்லிய கோட்டைப் படிக்கும். அடுத்த சுற்றுக்குள் அது இம்மியளவு சாய்ந்து, முந்திய கோட்டுக்கு அடியில் இன்னொரு கோட்டைப் படிக்கும். இவ்வாறு சுமார் இரண்டாயிரம் கோடுகள் சேர, இருபது நிமிடத்தில் பூமியின் ஒரு பாதி முழுவதும் ஒரே படமாக வந்து சேரும். 1966 டிசம்பரில் ஏ.டி.எஸ்-1 பசிபிக்கின் மேலே சென்று நின்றது. மறு ஆண்டு நவம்பரில் ஏ.டி.எஸ்-3 வண்ணப் படங்களையும் அனுப்பியது.

அதற்கு முன்னும் மேகங்களை விண்ணிலிருந்து படமெடுத்திருந்தார்கள். 1960 ஏப்ரலில் சென்ற டைரோஸ்-1 அந்தப் பெருமைக்கு உரியது. ஆயினும் டைரோஸ் ஓடிக்கொண்டே எடுத்த படங்களில், அசைந்தது மேகமா, பார்த்தவனா என்று பிரித்தறிவது கடினம். சுவோமியின் கண் நிலையாக நின்றதால், அடுத்தடுத்த படங்களில் காணப்பட்ட அசைவு அனைத்தும் காற்றின் அசைவாக ஆயிற்று. சிகாகோவில் தெத்சுயா ஃபுஜிதா போன்றவர்கள் அந்தப் படங்களை வரிசையாக அடுக்கி, மேகத் துண்டுகளின் நகர்ச்சியிலிருந்து காற்றின் வேகத்தை அளந்தார்கள். காலம் என்ற அளவை வானிலை ஆராய்ச்சிக்குள் நுழைந்த விதம் அது. கடலும் காற்றின் மாசும் அதே பேற்றைப் பெறுவதற்கு இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

மேகங்களைப் பொறுத்தவரையில் பின்னர் நடந்தவை விரைவாக நடந்தன. 1974-75-இல் அமெரிக்காவும், 1977 ஜூலையில் ஹிமவாரி மூலம் ஜப்பானும், அவ்வாண்டு நவம்பரில் மீட்டியோசாட் மூலம் ஐரோப்பாவும் தத்தம் கண்களை நிறுத்திக்கொண்டன. இந்து சமுத்திரத்தின் மேலே மட்டும் இடம் காலியாக இருந்தபடியால், 1979-இல் உலக வானிலைப் பரிசோதனைக்காக அமெரிக்காவின் பழைய கோளான கோஸ்-1 ஓராண்டுக்கு அங்கே நகர்த்தப்பட்டது. 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட இன்சாட்-1பி வந்த பின்புதான் பாரதத்துக்குச் சொந்தமான கண் ஒன்று நிலைத்தது. தொலைக்காட்சிச் செய்தியின் முடிவில் வெள்ளை மேகம் படர்ந்த அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நம்முடையது.

மேகம் பிரகாசமானது, அதைப் பார்ப்பது எளிது. கடலோ இருண்டது. கடலின் நிறத்தைக் கொண்டு அதிலுள்ள உயிரை அளக்கலாம் என்ற எண்ணம், 1970-இல் வுட்ஸ் ஹோல் ஆராய்ச்சியாளர்கள் விமானத்திலிருந்து அளந்து வெளியிட்ட கட்டுரை ஒன்றால் உறுதிப்பட்டது. நீரில் மிதக்கும் நுண்பாசிகள் தம்முடைய பச்சையத்தால் நீலக் கிரணங்களை உட்கொண்டு பச்சைக் கிரணங்களை விட்டுவிடுகின்றன. ஆகவே பாசி மிகுந்த நீர் பச்சையாகவும், வறிய நீர் கருநீலமாகவும் தோன்றுகிறது. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 கோளில் இந்நோக்கத்துக்காகவே ஒரு கருவி வைக்கப்பட்டது. ஓராண்டு உழைத்தால் போதும் என்று கருதி அனுப்பப்பட்ட அது 1986 வரையில் உழைத்தது. பின்னர் 1997-இல் சீவிஃப்ஸ் வந்தது. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம்முடைய ஓஷன்சாட்-1 சென்றது. மீன் எங்கே கூடும் என்று நம் கடற்கரைக் கிராமங்களுக்கு இன்று அறிவிப்புப் பலகையிலும் கைப்பேசியிலும் வரும் குறிப்புகள் இந்த வம்சத்துக் கோள்களின் கொடையே.

இவ்வாறு கடலை நோக்கியவர்களுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது காற்று. கடலின் மேலே நிற்கும் கருவிக்கு வந்து சேரும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கு கடலைத் தொட்டதே இல்லை. அது வாயுமண்டலத்தின் அணுக்களும் தூசும் புகையும் சிதறடித்த ஒளி. எஞ்சிய ஒரு பங்கிலேதான் கடலின் செய்தி இருக்கிறது. ஆகவே கடல் விஞ்ஞானியின் உழைப்பில் பெரும்பகுதி, காற்றின் பங்கை எவ்வளவு துல்லியமாகக் கணித்துக் கழித்து எறிவது என்பதிலேயே செலவழிந்தது. எறியப்பட்ட அந்த ஒன்பது பங்குதான் காற்றின் மாசை ஆராய்பவனுக்குத் திரவியம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் கதை முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது.

எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இருண்ட கடலைப் படிப்பதே இத்தனை சிரமமென்றால், அதைப்போல நாற்பத்தைந்து மடங்கு தொலைவிலிருந்து படிப்பது ஆகிற காரியமா என்று நிபுணர்கள் தயங்கியதில் வியப்பில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் திட்டங்கள் எழுதப்பட்டன, எழுதியபடியே தங்கிவிட்டன. நிலையான கண்ணுக்குத் தொலைவு ஒரு குறையானால், நின்று நிதானித்துப் பார்க்கும் அவகாசம் ஒரு வரம் என்பதையும், ஓடும் கண் நொடிப்பொழுதில் தாண்டிச் செல்லும் இடத்தை நிற்கும் கண் வேண்டிய மட்டும் உற்றுநோக்கி ஒளியைச் சேகரித்துக்கொள்ளலாம் என்பதையும் செய்து காட்ட ஒரு தேசம் முன்வர வேண்டியிருந்தது.

கொரியாவுக்கு அந்தத் தேவை இருந்தது. 1995-இல் அதன் தென்கரையில் கோக்ளோடினியம் என்ற நுண்ணுயிர் பெருகிக் கடல் செந்நிறமாக மாறியபோது, வளர்ப்புக் கூண்டுகளில் இருந்த மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. நஷ்டம் 7,640 கோடி வோன் என்று மதிப்பிடப்பட்டது. மன்னார் வளைகுடாவில் பூங்கோரை படர்ந்து கடல் பச்சையாகி மீன் ஒதுங்குவதைக் கண்டிருக்கும் பாம்பன், மண்டபம் மீனவர்களுக்கு அந்தத் துயரத்தை விளக்க வேண்டியதில்லை. கொரிய மீனவர்கள் மறு ஆண்டிலிருந்து படகுகளில் செம்மண்ணை ஏற்றிச் சென்று அந்த நீரில் தூவலானார்கள். களிமண் துகள் அந்த உயிர்களைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். ஆனால் மண்ணைத் தூவுவதற்கு, செந்நீர் இந்த வேளையில் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! நேற்று நண்பகலில் அது இருந்த இடத்தைக் காட்டும் படத்தால், இன்று காலை ஓதத்தோடு எங்கோ போய்விட்ட ஒன்றைப் பிடிக்க முடியாது.

அந்நாட்டின் விண்வெளி முயற்சிகள் அப்போது இளமைப் பருவத்தில் இருந்தன. ஓஷன்சாட்-1 சென்ற அதே பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில், கொரியாவின் கிட்சாட்-3 என்ற சிறு கோளும் உடன் பயணம் செய்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ராக்கெட் ஒன்றில் வெளிநாட்டுக் கோள்கள் சென்றது அதுவே முதல் முறை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கொரியா தன் காம்ப்சாட்-1 கோளில் கடல் நிறம் பார்க்கும் கருவி ஒன்றை வைத்து அனுப்பியது. பதினோரு ஆண்டு கழித்து, 2010 ஜூன் மாதம் 27-ஆம் தேதி கொரிய நேரப்படி விடியற்காலையில், தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஏரியான்-5 ராக்கெட் ‘சொல்லியன்’ என்ற கோளைச் சுமந்து எழுந்தது. அது 128.2 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் மேலே சென்று நின்றது. அதில் தொலைத்தொடர்புக் கருவியும் வானிலைக் கருவியும் இருந்தன. மூன்றாவதாக இருந்த ‘கோசி’தான் புவிநிலைப் பாதையிலிருந்து கடலின் நிறத்தைப் படித்த உலகின் முதல் கருவி.

கோசியின் வேலைமுறையைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். 2,500 கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட கடற்பரப்பை அது ஒரே மூச்சில் பார்ப்பதில்லை. பதினாறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்கிறது. கண்ணாடி ஒன்று முதல் கட்டத்தை நோக்கித் திரும்பி நிற்கும். உள்ளே ஒரு சக்கரம். அதன் விளிம்பில் எட்டு வடிகட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடுவது, ஒன்பதாவது இடத்தில் ஒளியே புகாத தகடு. சக்கரம் ஒவ்வொரு நிறமாகத் திரும்பத் திரும்ப, அந்தக் கட்டத்தின் படம் ஊதாவின் ஓரத்திலிருந்து செந்நிறத்துக்கு அப்பால் வரையில் எட்டு முறை பதிவாகும். தகடு மறைக்கும் வேளையில் கருவி தன்னுடைய சொந்த இரைச்சலை அளந்துகொள்ளும். பிறகு கண்ணாடி அடுத்த கட்டத்துக்கு நகரும். அரை மணி நேரத்தில் பதினாறும் முடியும். காலை முதல் மாலை வரையில் மணிக்கொரு தடவையாக, நாளைக்கு எட்டுத் தடவை இது நடந்தது. ஐந்நூறு மீட்டர் சதுரம் அதன் கண்ணுக்கு ஒரு புள்ளி.

ஆன்சான் நகரில் இருந்த கடல் செயற்கைக்கோள் மையத்துக்கு இந்தப் படங்கள் வந்து சேர்ந்தபோது, கரையோர மக்கள் அறிந்திருந்ததையே விஞ்ஞானம் முதன்முறையாகப் படமாகக் கண்டது. மேற்குக் கரையோரமாக, ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் கலங்கிய நீர் பெருகுவதும் தெளிவதும், ஒன்பது மணிப் படத்துக்கும் பன்னிரண்டு மணிப் படத்துக்கும் இடையே கண்கூடாயின. சீனத்தின் ஹாங்சோ வளைகுடாவிலும் அவ்வாறே. ஒரே நாளில் ஒரே இடத்தின் கலக்கம் இத்தனை மாறுமானால், நாளுக்கு ஒரு முறை எடுத்த அளவுகளைக் கொண்டு ‘இந்தக் கடலின் சராசரிக் கலக்கம் இது’ என்று அதுவரை எழுதப்பட்டவற்றுள் எத்தனை, ஓதத்தின் ஏதோ ஒரு வேளையின் கலக்கமாக மட்டும் இருந்திருக்கும்! எனக்கு இந்த எண்ணம் தோன்றும்போதெல்லாம், பழைய ஆராய்ச்சியாளர்களின் மேல் குறை காண மனம் வருவதில்லை. அவர்களுக்கு வாய்த்த கண் அவ்வளவுதான்.

2008 ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகளுக்காகச் சீனத்தின் சிங்தாவ் நகரம் தயாராகிக்கொண்டிருந்த வேளையில், மஞ்சள் கடலில் பச்சைப் பாசி பாய் விரித்தாற்போல மிதந்து வந்து கரையை அடைத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான மக்கள் கைகளாலும் படகுகளாலும் அதை வாரி அப்புறப்படுத்தினார்கள். பின்னாளில் இத்தகைய பாசித் திட்டுகள் காற்றோடும் நீரோட்டத்தோடும் மணிக்கு எவ்வளவு தூரம் நகர்கின்றன, எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதைக் கோசியின் படங்களைக் கொண்டு தொடர முடிந்தது. ஒரு திட்டைக் காலையில் பார்த்து, அதையே மாலையிலும் பார்க்க வாய்க்கும்போது, மிதப்பதெல்லாம் நீரோட்டத்தை அளக்கும் கருவியாகிவிடுகிறது. ஃபுஜிதாவுக்கு மேகத்துண்டு எதுவாக இருந்ததோ, கடல் ஆராய்ச்சியாளனுக்குப் பாசித் துண்டு அதுவாக ஆயிற்று. ஏழாண்டு உழைப்பதற்கென்று அனுப்பப்பட்ட கோசி 2021 வரையில் பணிபுரிந்து ஓய்ந்தது.

இனிக் காற்றின் கதை. கொரியாவில் இது புராதனமான கதை. கி.பி. 174-இல் சில்லா அரசில் மண் மழையாகப் பொழிந்தது என்று ‘சம்குக் சாகி’ என்ற சரித்திர நூல் குறிப்பிடுகிறது. கோபி பாலைவனத்தின் தூசு மேற்கிலிருந்து வந்து வசந்தகால வானத்தை மஞ்சளாக்குவது அந்நாட்டவருக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். தொழிற்சாலைகளும் மோட்டார் வாகனங்களும் பெருகிய பின்னர் அந்தத் தூசோடு கண்ணுக்குத் தெரியாத நுண்துகளும் நச்சு வாயுக்களும் சேர்ந்தன. அவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி அங்கே அரசியல் சச்சரவாகவே மாறியது. எல்லாம் சீனத்திலிருந்து வருவது என்று ஒரு சாரார் சொல்ல, நம்முடைய புகையே போதும் என்று மற்றொரு சாரார் சொன்னார்கள்.

வாயுக்களை விண்ணிலிருந்து அளக்கும் வித்தை அதற்குள் வளர்ந்திருந்தது. சூரிய ஒளி காற்றினூடே சென்று பூமியில் பட்டுத் திரும்பி வரும்போது, ஓசோனும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கந்தக டை ஆக்சைடும் பார்மால்டிஹைடும் தத்தமக்கு உரிய அலைநீளங்களில் அதன் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்ட தடங்களை நிறமாலையில் படித்தால் எந்த வாயு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1995-இல் ஐரோப்பா ஏவிய கோம் என்ற கருவி நைட்ரஜன் டை ஆக்சைடை உலகளாவிய அளவில் காட்டியது. 2004-இல் ஓமி, 2017-இல் ட்ரோபோமி என்று கண்கள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. ஆனால் ஓமியும் ட்ரோபோமியும் ஒரு நகரத்தைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணி அளவில். வாகன நெரிசல் மிகுந்த காலை எட்டு மணியை அவை கண்டதில்லை. நைட்ரஜன் டை ஆக்சைடின் ஆயுளோ வெயில் காலத்தில் சில மணி நேரமே. காலையில் பிறந்தது, வெயிலில் சிதைந்து, ஓசோனுக்கு வித்திட்டு, பிற்பகலில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே பிற்பகலில் மட்டும் பார்ப்பவன் குற்றம் நடந்து முடிந்த பின்பு வந்து சேர்ந்தவனாகிறான்.

நான் முன்னே நினைவில் வைக்கச் சொன்ன ஒன்பது பங்கு இங்கே பயன்பட்டது. கோசி கடலுக்காக அனுப்பப்பட்ட கருவி. கடல் விஞ்ஞானிகள் அதன் ஒளியிலிருந்து காற்றைக் கழித்தார்கள். சியோலில் யோன்சே சர்வகலாசாலையின் பேராசிரியர் ஜுன் கிம்மும் அவருடைய மாணவர்களும் கழிக்கப்பட்ட அதே காற்றைக் கையிலெடுத்து, கிழக்காசியாவின் தூசும் புகையும் மணிக்கு மணி எவ்வாறு நகர்கின்றன என்ற படங்களை வரைந்தார்கள். கடலைப் பார்க்கப் போன கண் காற்றையும் பார்த்துவிட்டது. காற்றை மணிதோறும் பார்ப்பது சாத்தியமென்றும், பிரயோஜனமுள்ளதென்றும் இதனால் தெளிவான பின், வாயுக்களையும் அளக்கும் தனிக்கருவி ஒன்றுக்கான பணி அவர் தலைமையில் நடந்தது. அதுதான் ‘ஜெம்ஸ்’. அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள பால் ஏரோஸ்பேஸ் பட்டறையில், கொரிய விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தாரின் கூட்டுறவோடு அது உருவாயிற்று. கருவி தயாராவதற்கு இடையில், 2016 மே, ஜூன் மாதங்களில், நாசாவும் கொரியச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையமும் விமானங்களைப் பறக்கவிட்டுக் காற்றை நேரிலேயே அளந்தன. சியோல் ஒலிம்பிக் பூங்காவில் அந்நாட்களில் அளந்த நுண்துகளில் 52 சதவீதம் உள்நாட்டிலும், 34 சதவீதம் சீனத்திலும் பிறந்தது என்று அவர்களுடைய அறிக்கை கூறியது. சச்சரவிட்ட இரு சாராருக்கும் அது பாதிப் பாதி பதிலாக அமைந்தது.

2020 பிப்ரவரி 18 மாலை, கூரூவிலிருந்து மற்றொரு ஏரியான்-5 புறப்பட்டது. கொரியாவில் தேகு நகரத்தில் கொரோனா பெருந்தொற்று வெடித்துப் பரவிய வாரம் அது. சென்ற கோளில் ஜெம்ஸும், கோசியின் வாரிசான கோசி-2-ம் அருகருகே இருந்தன. காற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு கண்களை ஒரே உடலில் பொருத்திய இந்த ஏற்பாட்டை அந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த யோசனை என்று நான் கருதுகிறேன். ஒருவர் கழிக்க வேண்டியதை மற்றொருவர் அளந்து தருகிறார். கோசி-2 இருநூற்றைம்பது மீட்டர் சதுரத்தைப் புள்ளியாகக் காண்பது. நாளுக்குப் பத்து முறை பார்ப்பது. ஜெம்ஸ் அரை மணி நேரத்தில் ஆசியாவின் மேலே ஒரு வரியை மெல்ல நகர்த்திச் சென்று, மணிதோறும் அதைத் திரும்பச் செய்கிறது. சியோலருகே அதன் புள்ளி ஏழு கிலோமீட்டருக்கு எட்டு கிலோமீட்டர். அவ்வாண்டு நவம்பரில் வெளியிடப்பட்ட முதல் படங்களில், ஆசிய மாநகரங்களின் மேல் நைட்ரஜன் டை ஆக்சைடு செந்திட்டுகளாகத் தெரிந்தது. இஞ்சோனிலுள்ள சுற்றுச்சூழல் செயற்கைக்கோள் மையமே அவற்றை வெளியிட்டது. ஓதத்தால் பெயர்பெற்ற அந்த ஊருக்கே காற்றின் ஏற்றவற்றமும் வந்து சேர்ந்தது பொருத்தமே.

ஜெம்ஸ் உருவான அதே பட்டறையில் அமெரிக்காவுக்காக உருவான ‘டெம்போ’ 2023 ஏப்ரலில் வட அமெரிக்காவின் மேலும், ஐரோப்பாவின் சென்டினல்-4 2025 ஜூலையில் தன் கண்டத்தை நோக்கியும் புறப்பட்டன. ஆசியாவில் முதலில் நடந்ததை மேலை நாடுகள் பின்தொடர்ந்த வரிசை இது.

ஜெம்ஸின் பார்வை கிழக்கே ஜப்பானிலிருந்து மேற்கே 75 பாகை தீர்க்கரேகை வரையில், தெற்கே பூமத்திய ரேகையைச் சற்றுத் தாண்டி விரிவது. ஆகவே சென்னையும் மதுரையும் யாழ்ப்பாணமும் கொழும்பும் அதன் மேற்கு ஓரத்தில் அடங்குகின்றன. ஆனால் ஓரத்தில் இருப்பவற்றைச் சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்குப் புள்ளிகள் நீண்டு மங்குகின்றன, மாதக்கணக்கில் நீடிக்கும் பருவமழை மேகங்களோ முழுவதையுமே மறைத்துவிடுகின்றன. சூரிய ஒளியை நம்பும் கருவியாதலால் இரவில் அதற்குப் பார்வையில்லை. தரையில் நின்று அளக்கும் கருவிகளின் துணையில்லாமல் அதன் எண்களை அப்படியே ஏற்க முடியாது என்பதால், ஆசிய நாடுகள் பலவற்றில் கொரியா அத்தகைய கருவிகளை நிறுவ உதவியிருக்கிறது.

நம்முடைய முயற்சியும் ஒன்று இருந்தது. நாடு முழுவதையும் நாளுக்கு நான்கைந்து முறை நுணுக்கமாகப் படமெடுக்கும் நோக்கத்தோடு புவிநிலைப் பாதைக்கென்றே அமைக்கப்பட்ட இ.ஓ.எஸ்-03 கோள், 2021 ஆகஸ்ட் 12 விடியற்காலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. ராக்கெட்டின் மேலடுக்கில் திரவ ஹைட்ரஜன் தொட்டியின் அழுத்தம் குறைந்துபோனதால் கிரையோஜெனிக் இன்ஜின் மூளவில்லை, கோள் கடலில் விழுந்தது. வானிலைக்கான இன்சாட் கோள்கள் தம் பணியைச் செவ்வனே செய்துவருகின்றன என்றாலும், வங்கக் கடலின் நிறத்தையும் தென்னகத்து நகரங்களின் காற்றையும் நேர்கீழாக வைத்து மணிதோறும் படிக்கும் கண் இன்னும் நமக்கு வாய்க்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவினாலும், தூத்துக்குடியில் அனல்மின் நிலையத்துப் புகை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், பாம்பனில் பூங்கோரை எந்த ஓதத்தோடு எங்கே ஒதுங்கினாலும் நமக்கு இன்று கிடைப்பது பெரும்பாலும் ஒரு வேளையின் படமே. கொரியா தன் முதல் கடற்கருவியை அனுப்பியதிலிருந்து கோசியை நிறுத்துவதற்குப் பதினோரு ஆண்டு ஆயிற்று. அதே 1999-இல் ஓஷன்சாட்டை அனுப்பிய நமக்கு அந்தத் திறமை குறைவில்லை. இழந்த கோளுக்கு மாற்றாக இன்னொன்றைக் கட்டும்போது, அதில் கடலுக்கும் காற்றுக்கும் அருகருகே இடம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.